சிறுவர் பெயரால் செய்யும் சமரசம்

சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு, ஊரிலிருந்து வரும் கடிதங்களில் மிகுந்த கவலை தருவது நீதிமன்றத்துக் காகிதம். மும்பைத் தாராவியில் இருந்தாலும், பெங்களூர் அல்சூரில் இருந்தாலும், தில்லிக் கரோல் பாகில் இருந்தாலும், திருநெல்வேலியிலோ சேலத்திலோ உள்ள பூர்வீகச் சொத்தின் தொடர்பு அறுவதில்லை. அதேபோல, வேலை செய்யும் இடத்திலோ சாலையிலோ ஒரு விபத்து நேர்ந்து குடும்பத் தலைவர் மறைந்துவிட்டால், அறிமுகமற்ற மொழியில் எழுதிய தாள்கள் மனைவி மக்களின் முன் வைக்கப்படுகின்றன. இரு நிலைமைகளிலும், "வழக்கை இழுப்பானேன்? சமாதானமாகப் போய்விடலாம்" என்று சொல்வோர் பலர் இருப்பர். அவர்கள் கூற்றில் உண்மையும் உண்டு. பல ஆண்டுகள் நீளும் வழக்கைவிட நியாயமான சமரசம் நன்றே. ஆயினும் அக்குடும்பத்தில் 18 வயது நிரம்பாத ஒரு குழந்தை இருந்தால், அல்லது தன் நலனைத் தானே காத்துக்கொள்ள இயலாத பெரியவர் ஒருவர் இருந்தால், அந்தச் சமரசத்தில் மூன்றாவதாக ஒருவரின் இசைவும் வேண்டியிருக்கிறது. அவர்தாம் நீதிபதி. இந்த இசைவு ஏன் வேண்டும், எவ்வாறு பெறுவது, பெறாவிட்டால் என்ன நேரும் என்பனவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் அடிப்படையை நோக்குவோம். 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 வயது நிரம்பியவரே முழு உரிமை பெற்றவர். நீதிமன்றம் கார்டியனை நியமித்த சிறுவர்க்கு 21 வயது என்று முன்பு இருந்த விதிவிலக்கும் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒருவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். கல்கத்தாவில் ஒரு மைனர் எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம் பற்றிய வழக்கில், அத்தகைய ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் 1903ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அன்று முதல் இக்கொள்கை உறுதியாக நிற்கிறது.

ஆகவே சிறுவனுக்காகப் பேச ஒரு பெரியவர் வேண்டும். சிறுவன் வாதியாக வழக்குத் தொடுத்தால் அவன் சார்பில் நிற்பவரை 'அடுத்த நண்பர்' என்பர். சிறுவன் பிரதிவாதியாக இருந்தால் அவனுக்கு 'வழக்குக் கார்டியன்' ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். "மைனருக்காகத் தாயும் கார்டியனுமாகிய இன்னார்" என்று வழக்குத் தாள்களில் எழுதப்படுவதைப் பலர் கண்டிருக்கலாம். இப்பொறுப்பை ஏற்பவர் வயது வந்தவராகவும், தெளிந்த மனத்தினராகவும் இருத்தல் வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமாக, அவருடைய நலன் சிறுவனின் நலனுக்கு எதிராக இருத்தல் கூடாது. தகுந்தவர் ஒருவரும் முன்வராவிட்டால் நீதிமன்றமே தன் அலுவலர் ஒருவரைக் கார்டியனாக நியமிக்கவும் இடமுண்டு.

நலன் முரண்படுதல் எப்போதும் கெட்ட எண்ணத்தால் வருவதன்று. அன்பு நிறைந்த தாய்க்கும் அந்நிலை வரலாம். கணவனை இழந்து, கடன்காரர் வாசலில் நிற்க, வாடகை கொடுக்க வழியின்றித் தவிக்கும் ஒரு பெண்ணிடம் இன்றே கைக்கு வரும் 5 லட்சம் ரூபாய் பெரிதாகத் தோன்றும். 10 ஆண்டுகள் கழித்து மகனுக்குக் கிடைக்கக்கூடிய 10 லட்சம் அவள் கண்ணுக்கு எட்டாது. அவள் தவறு செய்யவில்லை. நெருக்கடி அவளை அவசரப்படுத்துகிறது. அந்த அவசரம் இல்லாத ஒருவர் குழந்தையின் பக்கம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து. தாயை ஐயுறுவது இதன் நோக்கமன்று.

இக்கருத்தை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், தன் 32ஆம் கட்டளையின் 7ஆம் விதியில் அமைத்திருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, அடுத்த நண்பரோ வழக்குக் கார்டியனோ, நீதிமன்றத்தின் அனுமதியின்றி மைனர் சார்பில் எவ்வித உடன்படிக்கையும் சமரசமும் செய்துகொள்ளலாகாது. அந்த அனுமதியும் நடவடிக்கைக் குறிப்பில் வெளிப்படையாகப் பதிவாக வேண்டும். "நீதிபதிக்குத் தெரியும், அவர் மறுக்கவில்லை" என்று பின்னர் சொன்னால் போதாது. மைனர் ஒருவர் இச்சமரசத்தில் கட்சிக்காரராக இருக்கிறார் என்பது நீதிமன்றத்தின் கவனத்திற்கு நேராகக் கொண்டுவரப்பட்டதற்கும், அனுமதி பெறப்பட்டதற்கும் ஐயத்திற்கு இடமில்லாத சான்று இருக்க வேண்டும் என்று பிரிவிக் கவுன்சில் 1906ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியது.

தந்தைக்கும் இதில் விலக்கு இல்லை. கூட்டுக் குடும்பத்தின் தலைவர் என்ற முறையில் தந்தைக்கு விரிந்த அதிகாரங்கள் உண்டு என்பது இந்து சட்டம். ஆயினும் அவரே வழக்கில் மகனுக்குக் கார்டியனாக நிற்கும்போது அந்த அதிகாரம் சட்டத்தின் கட்டுக்கு உட்பட்டுவிடுகிறது. நீதிமன்ற அனுமதியின்றி அவரும் சமரசம் செய்தல் கூடாது. சென்னை மாகாணத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில் 1913ஆம் ஆண்டில் பிரிவிக் கவுன்சில் வகுத்த முடிவு இது.

நாளடைவில் இந்த அனுமதி வெறும் சடங்காகிவிடக் கூடும் என்ற அச்சம் இருந்தது. ஆகவே 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மேலும் இரு நிபந்தனைகளைச் சேர்த்தது. அனுமதி கோரும் மனுவோடு கார்டியன் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மைனருக்கு வழக்கறிஞர் இருப்பின், இச்சமரசம் மைனரின் நன்மைக்கே உரியது என்று தாம் கருதுவதாக அவரும் சான்று தர வேண்டும். இவை இரண்டும் வந்துவிட்டால் நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடலாமா? கூடாது என்பதையும் அத்திருத்தமே கூறுகிறது. கார்டியனும் வழக்கறிஞரும் என்ன கருதினாலும், உண்மையில் நன்மை உண்டா என்று ஆராயும் உரிமை நீதிமன்றத்திற்கு உண்டு.

நீதிபதி எதை ஆராய்வார் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஊரில் ஒரு பெரியவர் தம் உழைப்பால் தேடிய, 90 லட்சம் ரூபாய் மதிப்புள்ள நிலமும் வீடும் விட்டு, உயில் எழுதாமல் இறந்தார் என்று கொள்வோம். அவர் மனைவி முன்பே காலமானவர். பிள்ளைகள் மூவர், அவருள் ஒருவர் வெளி மாநிலத்தில் வேலை பார்த்தவர், தந்தைக்கு முன்பே இறந்துபோனார். அவருக்கு மனைவியும், மைனரான ஒரு மகனும் ஒரு மகளும் உள்ளனர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிரோடிருக்கும் பிள்ளைகள் இருவருக்கும் தலைக்கு 30 லட்சம். இறந்த பிள்ளையின் கிளைக்கு உரிய 30 லட்சத்தை அவர் மனைவியும் மகனும் மகளும் சமமாகப் பெறுவர். ஆளுக்கு 10 லட்சம்.

இப்போது பாகப்பிரிவினை வழக்கில் மைத்துனர்கள், "அண்ணியின் கையில் 15 லட்சம் தந்துவிடுகிறோம், வழக்கை முடித்துக்கொள்ளலாம்" என்கின்றனர். தாய் தனக்குரிய 10 லட்சத்தில் எவ்வளவை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம்; அது அவள் விருப்பம். குழந்தைகளுக்கு உரிய 20 லட்சம் அவளுடையதன்று. நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, குழந்தைகளின் பங்கு பாதியாகக் குறைவது ஏன் என்பதே. மகளின் பங்கு மகனின் பங்கைவிடக் குறைத்து எழுதப்பட்டிருந்தால் அதற்கும் விடை வேண்டும். பெண்ணுக்குப் பிறகு திருமணத்தில் செய்வோம் என்ற வாய்மொழி அதற்கு விடையாகாது. பூர்வீகக் கூட்டுச் சொத்திலும் மகளுக்கு மகனுக்கு நிகரான பிறப்புரிமை உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் தன் திருத்தச் சட்டத்தாலும், நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

குறைந்த தொகையை ஒருபோதும் ஏற்கலாகாது என்பதும் சட்டமன்று. அந்த நிலத்தின் மேல் வங்கிக் கடன் இருக்கலாம். பெரியவர் உயில் எழுதியதாக எதிர்த்தரப்பினர் ஒரு தாளைக் காட்டலாம். அது மெய்யென்று தீர்ப்பானால் குழந்தைகளுக்கு ஒன்றுமே கிடைக்காமற் போகலாம். அத்தகைய நிலையில் உறுதியான பாதி, ஐயமான முழுமையைவிட மேல் என்று கருதுவது விவேகமே. ஆனால் அந்தக் காரணம் மனுவில் எழுதப்பட வேண்டும். வழிகாட்டி மதிப்பு, வில்லங்கச் சான்று, கடன் கணக்கு ஆகியவை நீதிபதியின் முன் வைக்கப்பட வேண்டும். காரணம் தெரிந்து விட்டுக்கொடுப்பது சமரசம். காரணம் சொல்லாமல் விட்டுக்கொடுப்பது இழப்பு.

அனுமதி பெறாமல் செய்த சமரசம் என்னவாகும்? அது பிறர் எல்லாரையும் கட்டும். மைனரை மட்டும் கட்டாது. சட்ட மொழியில் கூறினால், மைனரின் விருப்பத்தால் செல்லாததாக்கத் தக்கது. அத்தகைய தீர்ப்பு தானாகவே வெறுமையாகிவிடுவதில்லை என்றும், அதனைத் தள்ளும் உரிமை மைனருக்கு மட்டுமே உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 1961ஆம் ஆண்டில் விளக்கியது. பணம் கொடுத்த மைத்துனர் பிற்காலத்தில் "அனுமதி இல்லை, ஆகவே எனக்கும் கட்டுப்பாடில்லை" என்று கூற இயலாது. வளர்ந்த மகனோ மகளோ அவ்வாறு கூறலாம். அதற்கும் காலவரையறை உண்டு: பொதுவாக 18 வயது நிரம்பிய நாளிலிருந்து 3 ஆண்டுகள். 21ஆம் பிறந்தநாள் கடந்த பிறகு விழித்துக்கொள்வோருக்குச் சட்டம் உதவுவது அரிது. பிற மாநிலத்தில் வளர்ந்து, ஊர்ச் சொத்தின் விவரமே அறியாத இளைஞர்கள் பலர் இவ்வாறு உரிமை இழக்கின்றனர். ஆகவே வழக்குத் தாள்களின் நகல்களை வீட்டில் பாதுகாத்து வைத்தலும், பிள்ளைகள் வயது வந்ததும் அவற்றை அவர்களிடம் காட்டுதலும் பெற்றோர் கடமையாகும்.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்கும். நீதிமன்ற அனுமதி சிறுவனுக்கு மட்டும் அரணன்று, எதிர்த்தரப்பினருக்கும் அரணே. ஒழுங்காக அனுமதி பெற்ற சமரசத்தைப் பின்னாளில் எளிதில் அசைக்க முடியாது. நிலத்தை வாங்க வருபவரும் அச்சமின்றி வாங்கலாம். ஆதலால் சீக்கிரம் முடிக்க விரும்பும் உறவினரிடம், "அனுமதி பெற்றே முடிப்போம், உங்களுக்கும் அதுவே நல்லது" என்று கூறுவதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

வழக்கு நீதிமன்றத்தில் இல்லாதபோது என்ன செய்வது என்ற வினா எழலாம். 7ஆம் விதி நடைபெறும் வழக்குகளுக்கே உரியது. ஆயினும் வழக்கில்லாத காலத்திலும் மைனரின் நிலம் வீடுகளைக் காக்க வேறு சட்டங்கள் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து இளமை மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு, தந்தையோ தாயோ மைனரின் அசையாச் சொத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. இன்றியமையாத தேவை அல்லது மைனருக்குத் தெளிவான நன்மை இருந்தாலன்றி அனுமதி கிடையாது. நீதிமன்றம் நியமித்த கார்டியன்களுக்கு, அவர்கள் எம்மதத்தினராயினும், 1890ஆம் ஆண்டின் கார்டியன்கள் மற்றும் மைனர்கள் சட்டம் இதே கட்டுப்பாட்டை விதிக்கிறது. முஸ்லிம் சட்டப்படி தாய் சொத்துக்கு இயற்கைக் கார்டியன் அல்லள். ஆகவே அக்குடும்பங்களில் தாய் முதலில் நீதிமன்றத்தில் கார்டியனாக நியமனம் பெறுதல் அவசியமாகிறது. இந்துத் தாயின் நிலை பற்றி, 1999ஆம் ஆண்டில் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தை உயிரோடிருக்கும்போதும் அவர் குழந்தையின் பொறுப்பில் இல்லாதபோது தாயே இயற்கைக் கார்டியனாகச் செயல்படலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இனிப் பணத்தைப் பற்றிக் காண்போம். சமரசத்தை நீதிமன்றம் ஏற்றதாலேயே பணம் கார்டியனின் கைக்கு வந்துவிடுவதில்லை. 32ஆம் கட்டளையின் 6ஆம் விதிப்படி அதைப் பெறுவதற்கும் தனி அனுமதி வேண்டும். நீதிமன்றம் ஜாமீன் கேட்கலாம். பணம் வீணாகாமல் குழந்தைக்கே பயன்படுமாறு கட்டளையிடலாம். பெற்றோராக இருந்தால், காரணத்தைப் பதிவுசெய்து, ஜாமீனை விலக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பெரும்பாலும் அப்பணம் குழந்தை பெயரில், வயது வரும் வரை, தேசிய வங்கியில் நிரந்தர வைப்பாக வைக்கப்படுகிறது.

இம்முறை நன்கு வளர்ந்திருப்பது மோட்டார் விபத்து வழக்குகளில். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தரப்பான ஒரு வழக்கில், 1994ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் இதற்கு நெறிகள் வகுத்தது. மைனருக்குரிய தொகை குறைந்தது அவர் வயது வரும் வரையேனும் நீண்டகால வைப்பில் இருக்க வேண்டும். அதன்மேல் கடனோ முன்பணமோ தரலாகாது என்று வங்கிக்கு அறிவிக்க வேண்டும். ஆயினும் மருத்துவம் முதலிய உண்மையான தேவைக்குக் கார்டியன் மனுச் செய்து, தீர்ப்பாயத்தின் அனுமதியோடு ஒரு பகுதியை எடுக்கலாம். "பணம் முடங்கிவிட்டது" என்று மனம் வருந்துவோர் இவ்வழியை நினைவிற் கொள்ளுதல் நலம்.

பிற மாநிலத் தமிழர்க்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு ஒரு பெரும் வசதி செய்திருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் குடியிருக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலும் வழக்குத் தொடுக்கலாம். சூரத்தில் விபத்து நடந்து, குடும்பம் விழுப்புரத்திற்குத் திரும்பிவிட்டால், விழுப்புரத்திலேயே மனுச் செய்ய இடமுண்டு. ஆகவே "இங்கேயே கையெழுத்திட்டுவிட்டு ஊருக்குப் போங்கள், இல்லையேல் வழக்குக்கு அலைய வேண்டும்" என்று அவசரப்படுத்துவோர் சொல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 6 மாத வரம்பை விதித்திருப்பதால் அதற்குள் மனுவைக் கொடுத்துவிடுவது அறிவுடைமை. காப்பீட்டு நிறுவனமே முன்வந்து தொகை கூறும் முறையும் அத்திருத்தத்தில் உள்ளது. மனுதாரர் ஏற்றால் தீர்ப்பாயம் அதனைப் பதிவு செய்யும். குழந்தையின் பங்கைப் பொறுத்தவரை அத்தொகை போதுமா என்று தீர்ப்பாயத்திடம் கேட்கும் தருணம் அதுவே.

முதலிற் சொல்லும் தொகைக்கும் குழந்தையின் உண்மைத் தேவைக்கும் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதற்கு ஒரு வழக்கு சான்றாகும். 2007ஆம் ஆண்டில் நடந்த விபத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் பிறர் துணையின்றி இயங்க முடியாத நிலை ஏற்பட்டது. தீர்ப்பாயம் வழங்கியது 11 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். உயர் நீதிமன்றம் அதனை 25 லட்சத்திற்கு மேல் உயர்த்தியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கியது 62 லட்சத்து 27 ஆயிரம் ரூபாய். இரவும் பகலும் துணையிருக்க வேண்டிய பணியாளரின் செலவை வாழ்நாள் அளவுக்குக் கணக்கிட்டதே இவ்வுயர்வுக்குப் பெரிய காரணங்களுள் ஒன்று. விபத்து நடந்த சில மாதங்களில், நோயின் முழு அளவும் தெரியாமல், குறைந்த தொகைக்கு ஒப்பியிருந்தால் அந்தக் கணக்கைப் போடுவதற்கே இடம் இருந்திராது. ஆகவே காயமடைந்த குழந்தையின் வழக்கில், நிரந்தர ஊனம் எவ்வளவு என்ற மருத்துவச் சான்று வரும் முன் சமரசம் பேசலாகாது.

வேலையிடத்து விபத்தில் உயிரிழந்த தொழிலாளியின் குடும்பத்திற்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேராத தொழிலாளர்க்கு உரிய நட்டஈட்டை முதலாளி நேரே மனைவியின் கையில் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்ததாகாது; உரிய அதிகாரியிடம் செலுத்த வேண்டும், அவரே மனைவி மக்களுக்குப் பங்கிட்டு வழங்குவார் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய முறை. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ள 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இம்முறையைப் பின்பற்றுகிறது. கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் சென்ற நம்மவர் குடும்பங்களில், உடலை ஊருக்கு அனுப்பும் நாளிலேயே வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கும் வழக்கம் சிலவிடங்களில் உண்டு. அந்த நாளில் வாங்கும் பணத்திற்கு ரசீது தரலாம். "இனி உரிமை ஏதுமில்லை" என்ற வாசகத்தின் கீழ் ஒப்பமிடலாகாது.

இதுவரை சிறுவரைப் பற்றிக் கூறினோம். பெரியவர் நிலை சற்று நுட்பமானது. 32ஆம் கட்டளையின் 15ஆம் விதி, மனநலம் குன்றியவர் என்று முன்பே தீர்மானிக்கப்பட்டவருக்கும், அவ்வாறு தீர்மானிக்கப்படாவிடினும் மனத் தளர்ச்சியால் தம் நலனைக் காக்க இயலாதவர் என்று நீதிமன்றம் விசாரித்து அறிந்தவருக்கும், மைனர்க்குரிய அதே பாதுகாப்பை அளிக்கிறது. இங்கே விசாரணை என்ற சொல் முக்கியமானது. முதுமை, காது கேளாமை, எழுத்தறிவின்மை இவற்றுள் எதுவும் தனியே ஒருவரைத் தகுதியற்றவராக்காது. 80 வயதுத் தாய் தெளிவாகப் பேசுகிறார் என்றால், மகன் "அம்மாவுக்கு நினைவில்லை" என்று எழுதிக் கார்டியனாகிவிட முடியாது. நீதிபதி அவரிடம் பேசிப் பார்ப்பார். மருத்துவரின் கருத்தையும் கேட்பார். காக்கவேண்டியவரைக் காப்பதும், தாமே முடிவு செய்யக்கூடியவரின் உரிமையைப் பறியாதிருப்பதும் இவ்விசாரணையின் இரு நோக்கங்கள்.

கார்டியன் நியமனத்திற்கு இன்று வழிகள் சில உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையவர்க்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்தில் அமைந்த குழுவே கார்டியனை நியமிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வரம்புக்குட்பட்ட கார்டியன் முறையைக் கொண்டுவந்தது. இதில் கார்டியன் தன் விருப்பப்படி முடிவு செய்யாமல், உரியவரோடு கலந்து, குறித்த செயலுக்கும் குறித்த காலத்திற்கும் மட்டும் செயல்படுகிறார். விபத்தாலோ நோயாலோ நினைவிழந்து கிடப்பவர்க்கு நேரான சட்டம் இல்லாமையால் உயர் நீதிமன்றங்களை அணுக வேண்டியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் இதற்கு நெறிமுறைகள் வகுத்தது.

வெளியூரில் இருப்போர் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கிக் கூறுவோம். ஊரிலுள்ள உறவினர்க்குப் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பிவிட்டால் மைனரின் சமரசத்தையும் அவர் முடித்துவிடலாம் என்று எண்ணுதல் தவறு. தாயோ தந்தையோ தம் பங்கிற்கு அதிகாரம் தரலாம். குழந்தையின் பங்கிற்கு நீதிமன்றம் ஏற்ற கார்டியனே பொறுப்பு. கன்னடத்திலோ மராத்தியிலோ இந்தியிலோ எழுதிய பிரமாணப் பத்திரத்தைத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்ட பின்னரே ஒப்பமிடுக. சமரச மனுவில் மைனரின் பெயர், பிறந்த நாள், அவருக்கு உரிய பங்கு, அவர் பெறும் தொகை, அது எந்த வங்கியில் எத்தனை ஆண்டு வைக்கப்படும் என்பன இருக்கின்றனவா என்று பார்க்க. வழக்கு நடக்கும்போதே பிள்ளைக்கு 18 வயது நிரம்பிவிட்டால் கார்டியன் பொறுப்பு முடிந்தது. அதன்பின் அவரே கையொப்பமிட வேண்டும். எல்லாம் முடிந்ததும், "அனுமதி வழங்கப்பட்டது" என்று பதிவான உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வைக்க. லோக் அதாலத்தில் முடிக்கும் வழக்குகளில் இது மேலும் முக்கியம். அங்கே பதிவாகும் சமரசத்திற்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்பணி அதிகாரக் குழுக்கள் சட்டப்படி மேல்முறையீடு இல்லை. ஆகவே மைனருக்கான அனுமதியை முன்னரே கேட்டுப் பெறுவது நல்லது.

அதே 1987ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், அவர்கள் வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை அளித்திருக்கிறது. எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் அவ்வுரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப்பணிக் குழு அலுவலகத்தை நாடலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். வழக்கறிஞர் கட்டணத்திற்கு வழியில்லை என்ற காரணத்தால் ஒரு தாய் குழந்தையின் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

சமரசம் பேசுகையில் குழந்தை அந்த அறையில் இருப்பதில்லை. இருந்தாலும் அதற்கு விளங்காது. ஆண்டுகள் சென்ற பின் அது வளர்ந்து, "என் பங்கு என்னவாயிற்று?" என்று கேட்கும் நாளில், தாயும் தந்தையும் எடுத்துக் காட்டக்கூடிய விடை நீதிமன்றத்தின் அந்த ஒரு பக்க உத்தரவும் வங்கியின் வைப்புச் சீட்டுமே. அவற்றைப் பெறாமல் எந்தச் சமரசத் தாளிலும் குழந்தையின் பெயரால் ஒப்பமிடாதிருப்போம்.